கேரவன் ட்ரெய்லருக்கு ஜெனரேட்டர் வாங்கும் முன் ஏசியைக் கவனியுங்கள்

காங்கேயத்திலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சாரம் இது. கேட்பவரிடம் கரூரில் பாடி கட்டிய பதினாறு அடி ட்ரெய்லர் ஒன்று இருக்கிறது. அதைக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு வால்பாறை, ஏற்காடு, ஊட்டி என்று குடும்பத்தோடு போய்வருகிறார். மாரியம்மன் நோம்பிக்கு உறவினர் ஊருக்குப் போனாலும் அதிலேயே தங்கிக்கொள்கிறார். உள்ளே ஒரு டன் விண்டோ ஏசி, 90 லிட்டர் ஃபிரிட்ஜ், மிக்ஸி, மின்கெட்டில், 3,000 வாட் உடனடி கீசர், தகப்பனாரின் நெபுலைசர் ஆகியவை இருக்கின்றன. ஈ.பி. இணைப்புக் கிடைக்காத இடங்களுக்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டும் என்று கோவையில் விசாரித்தபோது, கடைக்காரர் "5 கே.வி.ஏ. டீசலே எடுத்துக்குங்க, அப்புறம் எதுக்கும் யோசிக்க வேண்டியதில்லீங்க" என்றாராம். அதை வாங்குவதா, அல்லது 3 கே.வி.ஏ. பெட்ரோல் போதுமா என்பதே கேள்வி (கே.வி.ஏ. என்பது ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அளவு). பழைய செட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

5 கே.வி.ஏ. டீசல் உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. சுமைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் 3 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் வகைப் பெட்ரோல் ஜெனரேட்டரும் ஒரு லித்தியம் பேட்டரியும் போதும். ஆனால் அதற்கு முன்பாக அந்த விண்டோ ஏசியைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டர் ஏசியைப் பொருத்த வேண்டும், கீசரை எரிவாயுவுக்கு மாற்ற வேண்டும். ஜெனரேட்டரின் அளவைத் தீர்மானிப்பது ட்ரெய்லரில் இருக்கும் சாதனங்களின் மொத்தக் கூட்டல் அன்று. அவற்றில் முரட்டுத்தனமான ஒன்றிரண்டுதான் அதைத் தீர்மானிக்கின்றன. அந்த ஒன்றிரண்டை அடக்கிவிட்டால் ஜெனரேட்டர் பாதியாகச் சுருங்கிவிடும் என்பதை ஒவ்வொரு படியாக விளக்குகிறேன்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இந்தத் துறையில் இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கர்கள் எழுதியவை. அவர்களுடைய மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்; நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவர்கள் "30 ஆம்பியர் ட்ரெய்லர்" என்று சொல்வது 3,600 வாட். நம் வீட்டு 16 ஆம்பியர் பிளக் ஒன்றே 3,680 வாட் தாங்கும். ஆகவே அங்கே சொல்லப்படும் ஆம்பியர் எண்களை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. வாட் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஜெனரேட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் அதன் தகட்டில் 120 வோல்ட் என்று இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இப்போது உங்கள் சாதனங்களுக்கு வருவோம். ஒரு டன் ஏசி ஓடும்போது ஏறத்தாழ 1,100 வாட் இழுக்கும். ஃபிரிட்ஜ் நூறு வாட்டுக்கு உள்ளேதான் இருக்கும், அதுவும் விட்டுவிட்டு ஓடும். மிக்ஸியில் 750 வாட் என்று எழுதியிருந்தாலும் சட்னி அரைக்கும் இரண்டு நிமிடத்துக்கு மட்டுமே அது கணக்கில் வரும். கெட்டில் 1,500 வாட். தண்ணீர் கொதிக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஏசியை நிறுத்திவைத்தால் போயிற்று. நெபுலைசருக்கு நூறு, நூற்றைம்பது வாட் போதும். இவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் ஓட்டுவதாக எண்ணிக் கூட்டினால்தான், கீசரையும் சேர்த்து, கணக்கு ஆறாயிரம் வாட்டைத் தாண்டுகிறது. கடைக்காரரின் 5 கே.வி.ஏ.கூட அதற்குப் போதாது. ஒரு ட்ரெய்லருக்குள் ஐந்து பேர் இருக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. கீசரைப் பற்றி வாதத்துக்கே இடமில்லை. தண்ணீரைச் சூடாக்குவதற்காக மட்டும் 3,000 வாட் ஜெனரேட்டரைச் சுமந்து திரிவதைவிட, சமையலுக்கு நீங்கள் எப்படியும் எடுத்துச்செல்லும் எரிவாயு அடுப்பில் ஓர் அண்டா தண்ணீரைக் காய்ச்சிக்கொள்வது எல்லா வகையிலும் மேல். உடனடி எரிவாயு கீசர்தான் வேண்டுமென்றால் அது ட்ரெய்லருக்கு வெளியில் திறந்தவெளியில் இருக்க வேண்டும், உள்ளே ஒருபோதும் கூடாது.

கே.வி.ஏ., வாட் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சாதாரண ஜெனரேட்டர்களில் கே.வி.ஏ. எண்ணை 0.8 ஆல் பெருக்கினால்தான் கிலோவாட் வரும் என்று கொள்வது வழக்கம். அவ்வகையில் 5 கே.வி.ஏ. என்பது 4 கிலோவாட். இன்வெர்ட்டர் வகைகளில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் அங்கே வேறொரு பொறி உண்டு: பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது சில நிமிடங்களுக்கு மட்டும் தாங்கும் உச்ச அளவு, தொடர்ந்து தரக்கூடிய அளவு அதைவிடச் சிறியது, பக்கவாட்டுத் தகட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். 3 கே.வி.ஏ. என்று விற்கப்படுவது தொடர்ச்சியாக 2.8 கே.வி.ஏ. தந்தால் அது நாணயமான இயந்திரம். தகட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஏசியின் தொல்லை அது ஓடும்போது இழுக்கும் 1,100 வாட்டில் இல்லை, அது கிளம்பும் கணத்தில் இருக்கிறது. பழைய வகை ஏசியின் கம்ப்ரஸர் ஓய்விலிருந்து ஒரேயடியாக முழு வேகத்துக்குப் போகப் பார்க்கும். பாரம் ஏற்றிய வண்டியை முதல் அடி நகர்த்தும்போது எருதுகள் முக்கும் முக்கு, பிறகு சமதளத்தில் நடக்கும்போது இல்லாததைப் போன்றதே இது. ஓடும்போது ஐந்து ஆம்பியர் எடுக்கும் கம்ப்ரஸர், கிளம்பும் அந்த அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் இருபத்தைந்து, முப்பது ஆம்பியர் வரை கேட்கும். 230 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்றால் 5,750 வி.ஏ., அதாவது 5.75 கே.வி.ஏ. கடைக்காரர் 5 கே.வி.ஏ. சொன்னதற்குக் காரணம் இதுதான்; அவர் அனுபவத்தில் சொன்னதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த ஏசியை அப்படியே வைத்துக்கொண்டால் அவர் சொல்வது சரி.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை எதுவானாலும், ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியரைக் காட்டும் டங் டெஸ்டர் இருக்கும். காங்கேயத்தில் அப்படி ஒரு கடையைத் தேட வேண்டியதே இல்லை. ஏசி ஒயரின் ஒரு கம்பியை மட்டும் அதன் தாடைக்குள் விட்டு, உச்ச அளவைப் பிடித்துவைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு ஏசியை ஓடவிடுங்கள். மின்விசிறி மட்டும் ஓடும் வரையில் எண் ஒன்றுக்குள் நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் கம்ப்ரஸர் "டக்" என்று கிளம்பும்போது எண் இருபதைத் தாண்டி எகிறி, உடனே ஐந்துக்கு இறங்கும். சிறிய ஜெனரேட்டரில் இதே சோதனையைச் செய்தால், அந்த "டக்"கோடு இன்ஜின் ஒரு கணம் மூச்சுத் திணறும், விளக்கு மங்கும், அதிகச்சுமையைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும், வெளியீடு அறுந்துபோகும். ஒருமுறை தப்பித்துக் கிளம்பிவிட்டாலும் தெர்மோஸ்டாட் நிறுத்தி மறுபடி ஓட்டும் ஒவ்வொரு முறையும் இந்தச் சண்டை நடக்கும்.

இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் எடுப்பதால் கிளம்பும்போது எகிறல் என்பதே இல்லை. அறை குளிர்ந்த பிறகு வேகம் குறைந்து, நானூறு, ஐந்நூறு வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பதினாறு அடிக் கூண்டுக்கு, சுவரிலும் கூரையிலும் நல்ல தெர்மாகோல் அல்லது பஃப் (பாலியூரித்தேன் நுரை) அடைப்பு இருந்தால், முக்கால் டன் ஏசியே போதும். பழைய ஏசியை விற்றுப் புதியதை வாங்கக் கூடுதல் செலவு ஆகும்; ஆனால் எடையும் எரிபொருளும் மிச்சம். ஸ்பிளிட் வகையாக வைத்தால் வெளி யூனிட்டை ட்ரெய்லரின் முன்புறச் சட்டத்தில் பொருத்தி, மலைச்சாலை அதிர்வில் செம்புக் குழாய் விரிசல் விடாதபடி ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள்.

டீசலை ஏன் மறுக்கிறேன் என்றால், முதலில் எடை. ஒலி அடக்கும் கூண்டோடு வரும் 5 கே.வி.ஏ. டீசல் செட் 150 கிலோவுக்குக் குறையாது, பல அதற்கு வெகுமேலே. 3 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் பெட்ரோல் ஜெனரேட்டர் அறுபது கிலோவை ஒட்டி இருக்கும், இருவர் சேர்ந்து இறக்கிவைக்கலாம், 2 கே.வி.ஏ. வகை இருபது கிலோவை ஒட்டி, ஒருவரே தூக்கிக்கொண்டு நடக்கலாம். இந்த இறக்கிவைக்க முடிவது என்பது வசதி மட்டுமன்று, உயிர்ப் பாதுகாப்பு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவது, டீசல் இன்ஜின் அரைப்பட்டினியில் ஓடப் பிறந்ததன்று. இரவு முழுவதும் ஒரு மின்விசிறிக்கும் ஃபிரிட்ஜுக்குமாக 5 கே.வி.ஏ. டீசலை ஓட்டினால், சிலிண்டர் போதிய சூடாகாமல் எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் எண்ணெய்ப் பசையாகப் படியும். சுமை கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே மணிக்கணக்கில் இருப்பது அந்த இன்ஜினுக்கு நோய். உங்கள் சுமையோ பெரும்பாலான நேரம் பத்தில் ஒரு பங்குதான்.

பெட்ரோலிலும் இரண்டு சாதி உண்டு. நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் சீரியல் விளக்குக்காக வாடகைக்கு வரும் திறந்த சட்ட ஜெனரேட்டர், 50 ஹெர்ட்ஸ் கொடுப்பதற்காகச் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்றிலேயே அலறிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர் வகை, தான் தயாரிக்கும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னாக்கிப் பிறகு எலக்ட்ரானிக்ஸ் மூலம் சுத்தமான 50 ஹெர்ட்ஸாக மாற்றித் தருவதால், சுமை குறைந்தால் இன்ஜின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். கால் சுமையில் மணிக்கு அரை லிட்டர் பெட்ரோலை ஒட்டியே குடிக்கும். இன்வெர்ட்டர் ஏசியின் சர்க்யூட், நெபுலைசர், பேட்டரி சார்ஜர் மூன்றும் இந்தச் சுத்தமான அலையில்தான் நீடித்து உழைக்கும். விலை கூடுதல்தான்; ட்ரெய்லருக்கு இதைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது உயரமும் வெயிலும். கொங்கு நாட்டில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு மற்றவர்களைவிட முக்கியம், ஏனென்றால் காலையில் கரூர் பரமத்தியின் நாற்பது டிகிரி வெயிலில் கிளம்பி மாலையில் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் நிற்கக்கூடியவர்கள் நாம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால், ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு வீதம் இன்ஜினின் சக்தி குறையும். 3,500 அடி உயரத்து வால்பாறையில் பன்னிரண்டு விழுக்காடு போகும், ஏற்காட்டில் பதினேழு, ஊட்டியில் கால் பங்கு. தகட்டில் 2.8 கே.வி.ஏ. என்று இருப்பது ஊட்டியில் 2.1 தான். இதைப் படித்தவுடன் "அப்படியானால் பெரிதாக வாங்க வேண்டும்" என்று தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். சக்தி கால் பங்கு குறையும் ஊட்டியில் உங்களுக்கு ஏசி எதற்கு? ஏசி தேவைப்படும் கரூரிலும் ஈரோட்டிலும் உயரத்தால் இழப்பு இல்லை. வெயிலால் போகும் சில விழுக்காடு மட்டும் உண்டு. மலைக்கு ஏறும்போது ஜெனரேட்டரும் இளைக்கிறது, தேவையும் இளைக்கிறது. இந்தப் பொருத்தத்தைக் கெடுப்பது மலையில் மின் ஹீட்டர் போடும் ஆசை ஒன்றுதான். 2,000 வாட் ஹீட்டரை ட்ரெய்லரில் ஏற்றாமல் நல்ல கம்பளிகளை ஏற்றிக்கொள்ளுங்கள்.

மலையில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் விகிதம் கூடிப்போய், சைலன்சரில் கரும்புகை வருவதும் ஸ்பார்க் பிளக் கரிபிடிப்பதும் இயல்பு. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத் திருகான ஜெட், உயரத்துக்கென்று தனியாகக் கிடைக்கிறது. ஊட்டியில் மாதக்கணக்கில் தங்குபவருக்கு அது சரி. இரண்டு நாள் தங்கி இறங்குபவர் அதை மாட்டினால், மறந்துபோய்ச் சமவெளியில் ஓட்டும்போது பெட்ரோல் குறைந்து இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். உதிரி பிளக் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், அது போதும்.

இனி இரவு. நம் நாட்டு ஒலி மாசு விதிகள், 2000 ஆம் ஆண்டிலிருந்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்று வரம்பிட்டிருக்கின்றன. விற்பனைக்கு வரும் பெட்ரோல் ஜெனரேட்டர் 86 டெசிபல் ஒலித்திறனுக்கு மேல் போகக் கூடாது என்பது வேறொரு விதி. அந்த வரம்பில் நிற்கும் ஒன்று, கணக்குப்படி, ஏழு மீட்டர் தள்ளி 61 டெசிபலாகக் கேட்கும். நல்ல இன்வெர்ட்டர் வகை கால் சுமையில் இதைவிடப் பத்து டெசிபல்போலக் குறைவாக இருந்தாலும் இரவு வரம்புக்குள் வராது. சட்டம் இருக்கட்டும், ஆழியாறு பக்கத் தோப்பில் பக்கத்துக் குடும்பம் உறங்கும்போது விடிய விடிய ஜெனரேட்டர் ஓட்டுபவரை யார் மறுபடி உள்ளே விடுவார்கள்? ஆனைமலை, முதுமலை காப்பகங்களை ஒட்டிய இடங்களில் வனத்துறையிடம் கேட்காமல் பகலில்கூட ஓட்டாதீர்கள். மாசி, பங்குனியில் காய்ந்த சருகின் மேல் சூடான சைலன்சர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இரவுக்குப் பேட்டரிதான் வழி. ஜெனரேட்டர் அந்தப் பேட்டரியைப் பகலில் நிரப்பித் தரும் துணை. 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் சுமார் இரண்டரை யூனிட் மின்சாரம் இருக்கும். மின்விசிறி, விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், நெபுலைசர், கைபேசிகள் எல்லாம் சேர்ந்து ஓர் இரவுக்கு ஒன்றேகால் யூனிட்டைத் தாண்டாது. மலையில் ஒரு பேட்டரி இரண்டு இரவுக்கே வரும். சமவெளியில் இரவு முழுவதும் இன்வெர்ட்டர் ஏசி வேண்டுமென்றால் நான்கு, ஐந்து யூனிட் தேவைப்படும். அதற்கு இரண்டு பேட்டரி வேண்டும். பேட்டரியிலிருந்து 230 வோல்ட் எடுக்கும் இன்வெர்ட்டர், ஈ.பி. மின்சாரம் போன்ற தூய சைன் அலையைத் தருவதாக இருக்கட்டும். தகப்பனாரின் நெபுலைசர் ஜெனரேட்டரைச் சார்ந்து இருக்கவே கூடாது. நள்ளிரவில் மூச்சு வாங்கும்போது யாரும் வெளியே போய்க் கயிறு இழுத்துக்கொண்டிருக்க முடியாது.

பேட்டரியை நிரப்ப ஜெனரேட்டர் கடைசி வழிதான். கார் ஓடும்போது அதன் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக நானூறு வாட் வரை எடுக்கலாம். காங்கேயத்தில் கிளம்பி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போய்ச் சேரும்போது ஓர் இரவுக்கான மின்சாரம் ஏறிவிட்டிருக்கும். கூரையில் 400 வாட் சூரியத் தகடு இருந்தால், வெயில் நாளில் ஒன்றரை யூனிட்டுக்குக் குறையாது. ஊட்டிப் பனிமூட்டத்தில் அதை நம்ப வேண்டாம். இவை இரண்டும் போதாத நாளில் மட்டும் ஜெனரேட்டரை முற்பகலில் மூன்று மணி நேரம் ஓட்டினால், 60 ஆம்பியர் சார்ஜர் ஒரு பேட்டரியை நிரப்பிவிடும். இவ்வளவையும் ஏற்பாடு செய்துகொள்ளத் தயாரானால் 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரேகூடப் போதும். ஐந்து பேர் குடும்பம், மே மாதத்துக் கரூர், பெரியவர் ஒருவர் என்பதால்தான் உங்களுக்கு 3 என்கிறேன்: ஏசி 1,100, சார்ஜர் 850, ஃபிரிட்ஜ் 100 என்று இரண்டாயிரத்தை ஒட்டி ஓடும்போதும் அதில் மிச்சம் இருக்கும்.

இப்போது புகை. இந்தப் பதிலில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல்தான் முதல் அறிகுறிகள்; மலை ஏறி வந்த குடும்பத்தில் இவை யாருக்கு வந்தாலும் "வளைவுல வந்தது, படுத்தாச் சரியாயிரும்" என்று சொல்லிப் படுக்கவைப்பார்கள். படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். ஜெனரேட்டர் ஓடும்போது ட்ரெய்லருக்குள் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலித்தால், காரணத்தை ஆராயாமல் முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள்.

இதனால்தான் ஜெனரேட்டர் இறக்கிவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றேன். ட்ரெய்லரின் அடியிலோ பக்கவாட்டுப் பெட்டியிலோ நிரந்தரமாகப் பொருத்தி ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. இருபது அடி தள்ளி, சைலன்சர் வாய் ட்ரெய்லருக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி வைத்து, காற்று ட்ரெய்லரிலிருந்து ஜெனரேட்டரை நோக்கி வீசும் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் எல்லாம் மேற்கிலிருந்து ஓங்கி அடிக்கும். அப்போது ஜெனரேட்டர் கிழக்கே இருக்க வேண்டும். மற்ற மாதங்களில் காற்று பொழுதுக்கு ஒரு பக்கம் திரும்பும் என்பதால் ஒவ்வொரு முறையும் பார்த்தே வைக்க வேண்டும். பிறகு ட்ரெய்லரின் தளத்தைக் குனிந்து பாருங்கள். ஏசித் தண்ணீர்க் குழாய், ஒயர், கழிவுநீர்க் குழாய் போகும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். பாடி கட்டுபவர்கள் துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டு அப்படியே விடுவது வழக்கம். பகலில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டுத் தளத்தைப் பார்த்தால் வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் புகை வரும் இடம். சிலிக்கான் வைத்து அடையுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கை உயரத்தில் மாட்டுங்கள். அதற்கும் புகை அலாரத்துக்கும் வேறுபாடு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மின் இணைப்பில் இரண்டு செய்திகள். கையடக்க ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருப்பதில்லை. அந்த நிலையில், ட்ரெய்லரின் பெட்டியில் நீங்கள் போட்டிருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஒருவருக்கு ஷாக் அடிக்கும்போது விழும் என்று நம்ப முடியாது. ஜெனரேட்டரின் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தையும் அதே எர்த்தோடு சேர்க்க வேண்டும். ஈ.பி. மின்சாரத்தில் ஓடும்போது அந்த நியூட்ரல்-எர்த் இணைப்பு மட்டும் இருக்கக் கூடாது. இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும்; செய்தபின் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை ஜெனரேட்டரில் ஓடும்போதே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பொத்தான் விழுவது ஆர்.சி.சி.பி. உயிரோடு இருப்பதை மட்டுமே காட்டும் என்பதால், நியூட்ரல்-எர்த் இணைப்பை மீட்டர் வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் இடையே இரண்டு கம்பிகளையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒயரை எங்கே கண்டாலும் வெட்டி எறியுங்கள்.

பயணத்தின்போது ஜெனரேட்டரை ட்ரெய்லரின் முன்புற முக்கோணச் சட்டத்தில், காற்றோட்டமுள்ள பெட்டியில் பட்டை போட்டுக் கட்டுங்கள். பின் பம்பரில் தொங்கவிட்டால் கொக்கியின் மேல் இருக்க வேண்டிய எடை குறைந்து, அவிநாசி நெடுஞ்சாலையில் லாரி கடக்கும்போது ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். உரிமம் இல்லாமல் சொந்தத் தேவைக்குப் பெட்ரோல் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பது மொத்தம் 30 லிட்டர், அதுவும் 25 லிட்டருக்கு மிகாத உலோகக் கேன்களில். உங்களுக்குப் பத்து லிட்டருக்கு மேல் தேவைப்படாது. மலையில் போய்க் கேனைத் திறக்கும்போது மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள், உள்ளே ஆவி அழுத்தமாக நிற்கும்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கார்புரேட்டரில் நின்றால் அடியில் பசை கட்டி, அடுத்த பயணத்தில் ஜெனரேட்டர் கிளம்பாது. பயணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் சிறிய வடிகால் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினால், இரண்டு மூன்று கரண்டி பெட்ரோல் வடியும். அதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள்: அடியில் தனிக் குமிழாகத் தண்ணீர் நின்றால் டாங்கையும் காலி செய்ய வேண்டும். முதல் இருபது மணி நேர ஓட்டத்தில் ஆயில் மாற்ற வேண்டும், பிறகு நூறு மணிக்கு ஒருமுறை. பயணம் இல்லாத மாதங்களிலும் மாதம் அரைமணி ஏசியைப் போட்டு ஓட்டிவையுங்கள்.

பழைய செட்டுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2012 வாக்கில் பத்துப் பன்னிரண்டு மணி நேர மின்வெட்டு இருந்த காலத்தில் கோவையிலும் திருப்பூரிலும் வாங்கிக் குவித்தவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பட்டறைக்கு அவை உழைக்கலாம், ட்ரெய்லருக்கு ஆகாது; எடை, ஒலி, புகை மூன்றிலும் அவை வேறு காலத்தவை. 2023 ஜூலை முதல் புதிய ஜெனரேட்டர்களுக்கான புகை விதிகள் கடுமையாக்கப்பட்டிருக்கின்றன, புதிதாக வாங்கும்போது அந்தச் சான்று ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தக் கம்பெனி என்பதைவிட, கோவையிலோ ஈரோட்டிலோ சர்வீஸ் சென்டரும் கார்புரேட்டர், ரீகாயில் கயிறு, இன்வெர்ட்டர் போர்டு ஆகிய உதிரிகளும் கிடைக்கின்றனவா என்பதைக் கேளுங்கள். போர்டு போனால் அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதன் விலையை வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் இருந்தாலும் கயிறும் இருக்க வேண்டும். கடைக்கு ட்ரெய்லரோடு போங்கள். புதிய ஏசியை ஜெனரேட்டரில் மாட்டி அரை மணி ஓட்டி, நடுவில் மிக்ஸியையும் போட்டுப் பார்த்து, வோல்ட் 230ஐ ஒட்டி நிற்கிறதா என்று மீட்டரில் பார்த்தபின் பில் போடச் சொல்லுங்கள். அதற்கு இசையாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.